முகில் நாட்டு நிழற்படங்கள்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து உதவுமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, எதனைப் பற்றி எழுதுவது என்ற ஐயம் எனக்கு நெடுநேரம் நீடிக்கவில்லை. ஆசிரியப் பெருந்தகைகளைப் போற்றியும், துடுப்பாட்ட வெற்றிகளை நினைவுகூர்ந்தும் எழுத வல்லார் நம்முட் பலர் உளர். யானோ கல்லூரியை விட்டகன்றபின் வாழ்நாளின் பெரும்பகுதியை மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றிற் கழித்தவன். ஓய்வு பெற்ற பின்னரும் என்னை விடாது பற்றி நிற்கும் பணியொன்று அங்கு உண்டு. பழைய நிழற்படங்களின் ஒளியையும் இருளையும் கணினியிற் சீர்செய்து கொடுப்பதே அப்பணி. அதற்கு வித்திட்டது கல்லூரி நாட்களில் யான் பழகிய இருட்டறையே ஆதலின், இம்மலரில் அதனைக் கூறுதல் பொருத்தமுடைத்து எனக் கருதுகின்றேன்.

யான் வாழும் டயகம, நுவரெலியா மாவட்டத்தில் உள்ளது. தலவாக்கலையிற் புறப்பட்டு லிந்துலை, அக்கரப்பத்தனை என்னும் இடங்களைக் கடந்து வருவோர் அங்கு வந்தடைவர். அதற்கு மேல் ஹோட்டன் சமவெளியின் காடுதான். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் முகிலையும் கொண்டுவந்து குவிக்கும். பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளர் படங்கைச் சுற்றிக்கொண்டு முகிலுக்குள் நுழைந்து மறைவதைக் காலைதோறும் காணலாம். தை முதல் பங்குனி வரை வானம் தெளிந்திருக்கும். அப்பொழுது வெயில் கூர்மையாக விழும். நிழலோ கன்னங்கரேலென்று நிற்கும். நிழற்படம் எடுப்போனுக்கு இவ்விரு பருவங்களும் இடர் தருவனவே. ஒன்றில் ஒளிக்கும் இருளுக்கும் வேறுபாடு போதாது. மற்றதில் அது மிகுந்துவிடுகின்றது.

முகிலிற் படம் வெளிறிப் போவதன் காரணம் எளிது. தொலைவில் நிற்கும் தேயிலைச் செடியின் கருமையிலிருந்து கமராவை வந்தடையும் ஒளி மிகச் சிறிது. இடையே மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் வானத்தின் ஒளியைச் சிதறடித்து, அதன்மேல் ஒரு வெண்திரையை விரிக்கின்றன. ஆகவே கருமையாக இருக்கவேண்டியது சாம்பல் நிறமாகின்றது. தூரம் கூடக்கூடத் திரையும் தடிக்கின்றது. கெய்மிங் ஹீ என்பாரும் அவர் துணைவரும் 2009ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அழகிய வழியைக் கண்டனர். பனியில்லாத வெளிப்புறப் படமொன்றில், வானத்தை விலக்கிப் பார்த்தால், எந்தச் சிறு பகுதியை எடுத்துக்கொண்டாலும் அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒன்றிலேனும் மிகவும் இருண்ட புள்ளி ஏதாவதொன்று இருக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அவ்விருள் எவ்வளவு வெளிறியுள்ளதோ அவ்வளவே அங்குள்ள பனியின் அளவு என்று கணித்துக் கழித்துவிடலாம். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், படம் முழுவதற்கும் ஒரே அளவாகக் கழித்தல் பயன்படாது. அண்மைக்கு ஓரளவு, தொலைவுக்கு ஓரளவு என இடத்துக்கிடம் வேறுபடுத்தியே கழித்தல் வேண்டும்.

நமது கண் இதனை இயல்பாகவே செய்கின்றது. லயத்தின் காம்பிராவுக்குள் அமர்ந்து வாயிலை நோக்குவோமானால், வெளியே வெயில் படிந்த தேயிலை மலையும் தெரிகின்றது. உள்ளே அடுப்பருகில் இருப்பவர் முகமும் தெரிகின்றது. கமராவிற் பிடித்தாலோ, மலை தெரிந்தால் முகம் கரிக்கட்டையாகும். முகம் தெரிந்தால் மலை வெள்ளைத் தாளாகும். கண் எதையும் தனியே அளப்பதில்லை, அயலோடு ஒப்பிட்டே அளக்கின்றது. பிரான்சில் கோபெலின் நெசவுசாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த செவ்ரல் என்னும் இரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயத்திற் கருமை போதவில்லை என்று ஒருமுறை முறையீடு வந்தது. ஆராய்ந்தபோது சாயத்திற் குறையில்லை என்றும், பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கருமையைக் குன்றச்செய்து காட்டின என்றும் அவர் கண்டார். அவ்வாராய்ச்சியை 1839ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நிழற்படக் கலையின் ஒளிச் சீரமைப்பு முழுவதும் அவர் கண்ட இவ்வுண்மையின் மேல் நிற்கின்றது எனலாம்.

இனிக் கணினியின் செயலைச் சிறிது விளக்குவேன். சாதாரணமான கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 முழு இருள்; 255 முழு வெண்மை. எந்த எண் எத்தனை புள்ளிகளுக்கு உள்ளது என்பதை, கணித வகுப்பில் நாம் கீறிப் பழகிய வலையுரு வரையமாகவே கணினி காட்டும். முகிலிற் பிடித்த படத்தில் அவ்வரையம் நடுவில் ஒரு குன்றாகக் கூனி நிற்கும்; இரு முனைகளும் வெறிதாக இருக்கும். அக்குன்றை இருபுறமும் இழுத்து விரித்தால் படம் ஓரளவு உயிர் பெறும். வளைகோடு ஒன்றினால் இருண்ட பகுதியைச் சற்று உயர்த்தலாம். ஒளிர்ந்த பகுதியைச் சற்று அமர்த்தலாம். இவையெல்லாம் படம் முழுவதையும் ஒருசேர ஆளும் முறைகள்.

இம்முறைகளுக்கு ஓர் எல்லை உண்டு. நாற்பது மாணவர் இருக்கும் வகுப்பிற் பின்வரிசைப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று ஆசிரியர் குரலை உயர்த்தினால், முன்வரிசைப் பிள்ளை காதைப் பொத்திக்கொள்வான். நல்லாசிரியர் பின்வரிசைக்கு நடந்து செல்வார். படத்திலும் அவ்வாறே ஒவ்வோர் இடமாகச் சென்று, அங்குள்ள சிறு வேறுபாடுகளை அதன் அயலோடு ஒப்பிட்டுப் பெருக்கிக் காட்டும் முறையுண்டு. அதனை இடஞ்சார் ஒளிவேறுபாட்டுச் சீரமைப்பு என்போம். 2007இல் லைட்ரூம் என்னும் மென்பொருளில் இது 'கிளாரிட்டி' என்ற பெயரோடு ஒரு நகர்த்தியாகவே வந்து சேர்ந்தது.

பெயர் புதிது, செயல் பழையது. இருட்டறையில் சிவந்த விளக்கின் கீழ் நின்று அச்சிட்ட நாட்களை நம்மவர் சிலரேனும் நினைவிற் கொண்டிருப்பர். கம்பியின் நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஒளிக்கற்றையின் குறுக்கே அசைத்து, இருண்டுபோகும் முகத்துக்கு ஒளியைக் குறைத்துக் கொடுப்போம். அதனால் முகம் தாளில் வெளுக்கும். துளையிட்ட அட்டையொன்றால் வானத்துக்கு மட்டும் ஒளியைக் கூட்டிக் கொடுப்போம். அதனால் வானம் கறுக்கும். அமெரிக்காவில் அன்சல் அடம்ஸ் என்பார் பிரெட் ஆச்சர் என்பவருடன் சேர்ந்து 1940ஆம் ஆண்டை அண்டி, இருளிலிருந்து வெண்மை வரையுள்ள ஏணியைப் பதினொரு படிகளாக வகுத்துக் கற்பித்தார். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், தாளில் அச்சிடுதலைக் கச்சேரிக்கும் அவர் ஒப்பிட்டது பலரும் அறிந்ததே.

கணினி செய்யும் வகை இது. படத்தின் ஒரு பிரதியை மங்கலாக்கி வைத்துக்கொள்ளும். மங்கலான பிரதியில் ஒவ்வோர் இடத்தினதும் சராசரி ஒளி மட்டும் எஞ்சும். மூலப் படத்திலிருந்து அதனைக் கழித்தால், அயலிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வேறுபடுகின்றது என்பது கிடைக்கும். அவ்வேறுபாட்டிற் சிறு பங்கை மூலத்தோடு கூட்டினால், மறைந்து கிடந்த உருவங்கள் எழுந்து நிற்கும். மங்கலாக்கும் ஆரம் ஒன்றிரண்டு புள்ளிகளாயின் ஓரங்கள் மட்டும் கூர்மையாகும். ஐம்பது புள்ளிகளை அண்டினால் கன்னத்தின் மேடும் கண்குழியின் பள்ளமும் வேறுபட்டுத் தெரியும். கூட்டும் பங்கு நூற்றுக்கு 15 அல்லது 20க்குள் இருப்பது நன்று. அளவு கடந்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். மலைமுகட்டின் மேல் வெண்கோடு ஓடும். தோல் செதுக்கிய மரம் போலாகும்.

இதுவரை கூறியவை கருவியைப் பற்றியன. அக்கருவி மலைநாட்டு மக்களுக்கு ஏன் முக்கியமானது என்பதை இனிச் சொல்லல் வேண்டும்.

உலகின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவராகிய யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, 1875இற் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டு தை மாதம் 26ஆம் நாள் டிக்கோயாவிலுள்ள கிளென்கெயர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை தூய மரியாள் ஆலயத்தில் அவர் கல்லறையை இன்றும் காணலாம். இலங்கையில் அவர் பிடித்த படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிற் பலவற்றில் தோட்டத் தொழிலாளரும் கிராமத்து மக்களும் காணப்படுகின்றனர். அக்காலக் கண்ணாடித் தட்டிற் பூசப்பட்ட கொலோடியன் நீல ஒளியை மட்டுமே நன்குணரும். சிவப்பையும் மஞ்சளையும் பெரிதும் உணராது. மாநிறத் தோலிலிருந்து வரும் ஒளியிலோ சிவப்பும் மஞ்சளுமே மிகுதி. ஆகையால், கண்ணுக்குத் தெரிந்ததைக் காட்டிலும் நம்மவர் முகங்கள் அத்தட்டிற் கூடுதலாக இருண்டன. சாயங்களைச் சேர்த்துத் தட்டின் உணர்வை விரிக்கலாம் என்று வோகல் என்னும் ஜெர்மானியர் 1873இற் கண்டிருந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தட்டு கடைக்கு வந்தது 1906இலேதான். இருட்டியது இரசாயனம் என்று அறியாதார், அம்மக்களின் இயல்பே அது என்று எண்ணியிருப்பர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயரும் படத்தோடு வந்து சேரவில்லை.

பின்னாளில் நமது நாட்டவரான லயனல் வென்ட் (1900–1944) கரிய மேனிக்குள்ளேயே எத்தனை படிகள் உள என்பதைத் தமது படங்களிற் காட்டினார். தோலை வெளுக்கச் செய்யாமலே அதன்மேல் ஒளி விளையாடுவதை அவர் காட்டிய திறம், இத்துறையில் இறங்கும் இளைஞர் ஒவ்வொருவரும் கற்கவேண்டியதாகும்.

லயத்துச் சுவர்களில் தொங்கும் படங்கள் இத்தகைய கலைஞர் எடுத்தவை அல்ல. சந்திக்கடைப் படப்பிடிப்பாளர் ஒருவர் எப்பொழுதோ வந்து எடுத்துச் சென்றவை. ஈரமும் பூஞ்சணமும் அடுப்புப் புகையும் ஐம்பது ஆண்டுகளாக அவற்றைத் தின்றுள்ளன. எனினும் அவற்றின் விலையை வெளியார் அறிதல் அரிது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் முடிவு செய்யப்பட்டது. எண்களைப் பங்கிடுதல் எளிது, பங்கிடப்பட்டதோ குடும்பங்கள். ஒரே காம்பிராவில் வாழ்ந்தோரில் தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் உரியராயினர். புறப்படுவதற்கு முன்னர் எல்லாரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அத்தகைய படங்களே என் மேசைக்குப் பெரும்பாலும் வருகின்றன.

அவற்றுள் ஒன்றைச் சொல்வேன். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி தம் பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் பழைய பிஸ்கட் தகரம். அதற்குள் துணியிற் சுற்றிய ஒரு படம். தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் இந்தியாவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், 1972ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பெரட்டுக் களத்தில் எடுத்தது. மணமாகி இங்கு பதியப்பட்டிருந்த இவர் மட்டும் தங்கிவிட்டார். சென்றோர் நீலகிரியில், இலங்கையிலிருந்து திரும்பியோருக்கென மாநில அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றனர். தாய் அங்கேயே இறந்தார். கடிதம் வந்ததன்றி முகம் காணக் கிடைக்கவில்லை.

"மாஸ்டர், எங்கம்மா முகம் இதிலே இருக்குதா என்று பார்த்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பேரப்பிள்ளைகளுக்கும் தெரியலை என்கிறாங்க" என்றார்.

படத்திற் பதினொருவர். உச்சிவெயில். தாயார் தலையில் முந்தானையை இழுத்துவிட்டிருந்தார். அதன் நிழலுக்குள் முகம் ஒரு கரிய வட்டமாகவே இருந்தது. ஸ்கேனரில் இட்டு, அங்குலத்துக்கு 1200 புள்ளிகளாகவும், 256 படிகளுக்குப் பதிலாக 65,536 படிகள் கொள்ளும் 16 பிற் கோப்பாகவும் எடுத்தேன். சிறு வேறுபாடுகளைப் பெருக்கும்போது படிகள் போதாவிடின் படம் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். புகையின் மஞ்சட் கறை நீலப் பதிவிலே கடுமையாகவும் சிவப்புப் பதிவிலே மிக மெல்லியதாகவும் தெரியும் ஆதலின், சிவப்புப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டேன். முகத்தின் எண்களை அளந்தபோது, 255க்கு 22 முதல் 41 வரை இருந்தன. கண்ணுக்கு அது ஒரே இருள். எண்ணுக்கோ இருபது படிகள். அந்த இருபது படிகளுக்குள் ஒரு முகம் அடங்கியிருந்தது.

அருகில் நின்ற பேரன், "சேர், பாட்டியைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க. பார்க்க வடிவாக இருக்கும்" என்றான். அவனை யான் குறைகூறேன். கைப்பேசிகள் கேளாமலே அவ்வேலையைச் செய்து பழக்கியிருக்கின்றன. ஆயினும் நிழலை நீக்குதல் வேறு, நிறத்தை மாற்றுதல் வேறு. இரண்டுக்கும் எல்லையை எவ்வாறு அறிவது? படமே அதற்கு விடை வைத்திருந்தது. தாயாரின் இரு கைகளும் மடியின்மேல் வெயிலில் இருந்தன. கையின் எண் 90ஐ அண்டியிருந்தது. அதே வெயில் முகத்தில் விழுந்திருப்பின் முகமும் ஏறக்குறைய அதுவே ஆகும். நிழலில் இருப்பதால் அதனிலுஞ் சிறிது குறைவாகவே நிற்றல் வேண்டும். அவர் கையே அவர் முகத்துக்கு அளவுகோல் ஆயிற்று. அதற்கு மேலே கொண்டுசென்றால் அது வேறொருத்தியின் முகம் என்று பேரனுக்கு எடுத்துக் காட்டினேன். அவன் விளங்கிக்கொண்டான்.

முகத்தைச் சுற்றி எல்லை வகுத்து, வளைகோட்டால் இருளை மெல்ல உயர்த்தினேன். அதன்பின் ஐம்பது புள்ளி ஆரத்தில் ஒளிவேறுபாட்டைச் சிறுகச் சிறுகக் கூட்டினேன். முதலில் மூக்கின் விளிம்பு. அடுத்து மூக்குத்தியின் ஒரு புள்ளி ஒளி. பின்னர் இடப்புறம் சற்றே சுருங்கிய கண். மூதாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையருகே வந்தார். "அந்தக் கண்ணு அப்படித்தான். கவ்வாத்து வெட்டையிலே குச்சி பட்டது" என்றார். நெடுநேரம் வேறொன்றும் பேசவில்லை.

அப்படத்தின் ஓரத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். மூதாட்டியின் கடைசித் தம்பி. அவன் முகம் இருந்த இடத்தைப் பூஞ்சணம் முற்றாகத் தின்றுவிட்டது. அங்கே பெருக்குவதற்கு ஒரு படியும் எஞ்சவில்லை. பேரன் தன் கைப்பேசியில் உள்ள செயலி ஒன்றினால் நொடிப்பொழுதில் ஒரு முகத்தை உண்டாக்கிக் காட்டினான். சிரித்த முகம், கூரிய பற்கள், குறை சொல்ல முடியாத வேலைப்பாடு. மூதாட்டி அதனைப் பார்த்துவிட்டு, "இது யாரோ பிள்ளை. என் தம்பி இல்லை. அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்" என்றார். அவ்வாறே விட்டோம்.

இதனினும் தெளிவாக இக்கலையின் அறத்தை யான் எந்நூலிலும் கண்டதில்லை. ஒளிச் சீரமைப்பு, பதிவில் உள்ள வேறுபாட்டைப் பெருக்குவது. இல்லாத வேறுபாட்டை அது படைக்காது, படைக்கவும் கூடாது. இன்றைய பொறிகள் படைக்க வல்லன. படைத்ததையும் பெருக்கியதையும் பார்வையால் மட்டும் வேறுபடுத்தல் நாளுக்கு நாள் அரிதாகின்றது. நாடு, ஊர், பெயர் ஆகியவற்றை ஏட்டில் இழந்து, 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே குடியுரிமைச் சிக்கல் தீர்ந்த ஒரு சமூகத்துக்கு, எஞ்சியிருக்கும் முகமேனும் மெய்யாக இருத்தல் வேண்டும்.

இப்பணியில் இறங்க விரும்பும் இளைய மாணவர்க்குச் சில சொல்வேன். மூலப் படத்தையும் முதற் பிரதியையும் ஒருபொழுதும் மாற்றாதீர். திருத்தத்தை வேறு கோப்பிற் செய்க. விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுவதில்லை; இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும். முதலில் படம் முழுவதையும் சீர்செய்து, பின்னரே இடம் இடமாகச் செல்க. நகர்த்தியைப் போதுமென்று தோன்றும் அளவுக்கு நகர்த்திய பின், பாதித் தூரம் பின்னே கொண்டுவருக. இரவில் முடித்ததைக் காலையில் மீண்டும் பார்க்க. தோலின் நிறத்துக்குப் படத்துக்குள்ளேயே சான்று தேடுக. அழிந்ததை அழிந்ததாகவே காட்டுக.

மற்றொன்றையும் வேண்டிக்கொள்கின்றேன். நுமது இல்லங்களில், மலைநாட்டிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் கடல் கடந்த நாடுகளிலாயினும், பழைய படங்கள் பெட்டிகளில் இருக்கும். பெரியோர் இருக்கும்போதே அவற்றை எடுத்து அவர்முன் வைத்து, யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். இருண்ட முகத்தை ஐம்பதாண்டுகளின் பின்னரும் ஓரளவு வெளிக்கொணரலாம். பெயரை எந்தக் கணினியும் வெளிக்கொணராது. கமரன் அம்மையாரின் படங்களில் நிற்கும் நம்மவர் பெயர்களை இன்று யாரிடம் கேட்பது?